படுக்கைப் புண்ணும் கிராம சபையும்

முதுகின் அடிமுனை, இரண்டு குதிகால், இடுப்பின் பக்க எலும்பு. பக்கவாதத்தாலோ எலும்பு முறிவாலோ படுத்துவிட்ட ஒருவரின் உடம்பில் தினமும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. நேரமிருந்தால் தோள்பட்டை, முழங்கை, கணுக்கால், பின்தலை ஆகியவற்றையும் பாருங்கள். "தோல் சிவந்தால் கவனியுங்கள்" என்று துண்டறிக்கைகளில் போட்டிருக்கும். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கல் போல இறுகியிருக்கிறதா அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். தோல் கிழியாததால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் நசுங்கிய சதை ரத்த ஓட்டம் இல்லாமல் உள்ளேயே செத்துக்கொண்டிருக்கும். சில நாளில் மேல்தோல் உரிந்து விழும்போதுதான் ஆழம் தெரியும்.

அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் நசுங்கிய சதை இன்னும் சிதையும். ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும். மோட்டார் டியூப் போன்ற காற்று வளையத்தை அடியில் வைத்தால், வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். செய்ய வேண்டியது ஒன்றுதான், அந்த எலும்பின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் மொத்த எடையும் இடுப்பெலும்பில் இறங்கும். ஆகவே முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து, மல்லாந்த நிலையிலிருந்து கால்வாசி மட்டும் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தால் குதிகால் எதிலும் படாமல் காற்றில் நிற்கும். சாப்பாட்டுக்கு நிமிர்த்தி உட்கார வைத்தவரைச் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து இறக்கிவிடுங்கள். மணிக்கணக்கில் சாய்ந்திருந்தால் உடம்பு கீழே வழுக்கும். தோல் விரிப்பில் ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும். பல புண்கள் அந்த இழுவையில்தான் வருகின்றன.

ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். முதுகின் அடிமுனைக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழையுங்கள். எலும்பு கையில் இடித்தால் அதில் காற்று போதவில்லை. மேலே ரப்பர் ஷீட், போர்வை, மடித்த பழைய சேலை என்று அடுக்கினாலும் ஏர் பெட்டால் பயன் இல்லை. ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். ஏர் பெட் இருந்தாலும் பக்கம் மாற்றியே ஆக வேண்டும்.

இங்கேதான் குடும்பம் தோற்றுப்போகிறது. நாளுக்குப் பன்னிரண்டு முறை புரட்ட வேண்டும். விரிப்பின் இரு ஓரத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உரசாது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரு மருமகள், அல்லது எழுபது வயது மனைவி. தனியாளாக அக்குளில் கை கொடுத்து இழுப்பார்கள், தோல் உரியும். இது கவனக்குறைவு இல்லை, ஆள் பற்றாக்குறை. அதனால்தான் இதை ஊர் சேர்ந்து பார்க்க வேண்டும் என்கிறோம்.

கேரளத்தில் அப்படிப் பார்க்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் வலி நிவாரண மையம் ஒன்று தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களை எப்படிச் சென்றடைவது என்ற கேள்வியிலிருந்து, மலப்புரம் வட்டாரத்தில் அக்கம்பக்கத்தினரே இறங்கி வேலை செய்யும் அமைப்பு பிறந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர்களைச் சேர்த்து, 16 மணி நேர வகுப்பும் நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2008-இல் மாநில அரசே இதற்கென்று ஒரு கொள்கை வகுத்தது.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருவது எல்லாருக்கும் தெரியும். நோய் ஆதரவு செவிலியரும் (தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைத்துப் பராமரிப்பவர்) இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) வீட்டுக்கு வர வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் பகுதி பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரிடமோ "படுக்கையில் இருக்கிறார்" என்று சொல்லிப் பெயரைப் பதியுங்கள். வெறுமனே "உடம்பு சரியில்லை" என்றால் மாத்திரைப் பட்டியலோடு நின்றுவிடும். எப்போதிலிருந்து எழ முடியவில்லை, புண் இருக்கிறதா, யூரின் டியூப் போட்டிருக்கிறதா, வீட்டில் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் என்ற நான்கையும் சொல்லுங்கள். பதிலில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அரசின் சுகாதார உதவி எண் 104-க்கும் கூப்பிடலாம்.

ஒரு வீட்டுக்கு இது போதும். ஊர் முழுவதற்கும் வேண்டுமென்றால் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். "மருத்துவ வசதியை மேம்படுத்த வேண்டும்" என்று தீர்மானம் போட்டால் அதை யாரும் நிறைவேற்ற முடியாது, நிறைவேறவில்லை என்று கேட்கவும் முடியாது. "ஊராட்சியின் எல்லாக் குக்கிராமங்களிலும் படுக்கையில் இருப்போரின் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், செவிலியர் வீடு வரும் நாள்கள் துணை சுகாதார நிலையச் சுவரில் எழுதப்பட வேண்டும், அடுத்த கிராம சபையில் எண்ணிக்கை சொல்லப்பட வேண்டும்" என்று எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எண்ணிக்கை மட்டும்தான் சபையில் வர வேண்டும். யாருடைய பெயரையும் நோயையும் மைக்கில் வாசிக்க விடாதீர்கள். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்த வீட்டார் பெயர் கொடுக்க மாட்டார்கள்.

பணத்துக்கும் ஒரு வழி உண்டு. கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழுவுக்கு தேசிய சுகாதார இயக்கத்தின் விதிப்படி ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. பெரும்பாலும் கொசு மருந்துக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் போய்விடும். கதியற்ற குடும்பத்தின் மருத்துவத் தேவைக்கும் அதிலிருந்து செலவிடலாம் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. குழுக் கூட்டத்தில் அதைக் கேளுங்கள்.

இதெல்லாம் நடக்கும் வரை தெருவில் நான்கு பேர் சேர்ந்தாலே வீட்டாரின் பாரம் குறையும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மூன்று வேளை யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் விரிப்பின் மறு ஓரத்தைப் பிடிக்கட்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று நேரம் போட்ட தாளைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டி, புரட்டியவர் கையோடு டிக் போட வேண்டும். புரட்டும்போதே முதுகின் அடிமுனையைப் பாருங்கள், விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிடுங்கள், ஈரம் இருந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். யூரின் பேக் இருந்தால் அது இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்குகிறதா, டியூப் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.