இலுப்பை மரத்து வௌவால் கணக்கு

மார்ச் 8
கண்மாய்க்கரை ஐயனார் கோயில் காட்டில் பழந்தின்னி வௌவால் கணக்கெடுப்பை ஆரம்பித்துவிட்டோம். பகலில் அண்ணாந்து எண்ணினால் இலை மறைப்பில் நிறைய தப்பிவிடும். அதனால் பொழுது சாய்ந்து அவை இரைக்குக் கிளம்பும் நேரத்தில் ஆளுக்கொரு திசையில் நின்று, வெளிச்சம் மிச்சமிருக்கும் வரை, தலைக்கு மேல் போகும் ஒவ்வொன்றுக்கும் கையிலிருக்கும் கவுன்டரை ஒரு அழுத்து. இருட்டிய பிறகு போவது கணக்கில் வராது. பரவாயில்லை, அதே இடம், அதே நேரம், அதே முறை என்று வருஷாவருஷம் எடுத்தால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும்.

மார்ச் 13
குட்டி போட்டிருக்கின்றன! ஒரு தாய்க்கு வருஷத்துக்கு ஒன்றுதான். முதல் சில வாரம் குட்டியை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டே தாய் பறக்கும், கீழே நிற்கும் நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இலுப்பை வேறு பூத்துக் கொட்டுகிறது. பூவையும் பழத்தையும் தின்று விதையைத் தூரத்தில் போடுகிற இவை இல்லாவிட்டால் இந்தப் பொட்டலில் புது இலுப்பை எங்கிருந்து முளைக்கும்?

மார்ச் 21
மாந்தோப்பு வைத்திருக்கும் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "பழத்தைத் தின்கிறதை எண்ணி என்ன செய்யப்போறே?" அவர் நஷ்டம் நிஜம், அதை நான் மறுக்கவில்லை. மொரீஷியஸ் தீவிலும் மா, லிச்சி விவசாயிகள் இதையே சொல்லித்தான் 2015லிருந்து அரசாங்கமே பல்லாயிரம் வௌவால்களைச் சுட்டது. உலகத்தில் வேறெங்கும் பெரிதாக இல்லாத இனம் அது. மரத்துக்கு வலை போட்டால் பழம் தப்பும் என்றேன். வலை விலையைக் கேட்டார், விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நம் நாட்டிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலைத் தொல்லைப் பிராணிப் பட்டியலில்தான் வைத்திருந்தது, 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது.

ஏப்ரல் 2
இன்று ஊர்க்கூட்டம். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வெட்ட ஏலம் விட்டிருக்கிறார்கள், வெட்டட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் குட்டி பறக்கக் கற்காத நேரத்தில் மரத்தடியிலேயே நாள் முழுக்க மெஷின் வாள் ஓடினால் கூட்டம் கலையும், குட்டி கீழே விழும்.

தான்சானியாவின் பெம்பா தீவைப் பற்றிச் சொன்னேன். வேட்டையாலும் காடு போனதாலும் 1989ல் அங்கே பழந்தின்னி வௌவால்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கண்ணில் பட்டன, ஊர்க்காரர்களே சங்கம் வைத்து அவை தங்கும் மரங்களைக் காத்ததில் பிறகு 20,000ஐத் தாண்டின. அதற்கு யாரும் பெரிதாக அசையவில்லை. பூசாரி ஐயாதான் எழுந்து, "நம்ம வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக் கொள்ளுகுடிப்பட்டிக்காரங்க பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடுறதில்லை, நாம மூணு நாலு மாசம் பொறுக்கக் கூடாதா?" என்றார். அப்புறம் பேச்சே வேறு மாதிரி போனது. கோயில் காட்டை ஒட்டிய பக்கம் ஆடி பிறந்த பிறகு வெட்டுவது, மற்ற பக்கம் இப்போதே, என்று ஏலம் எடுத்தவரும் ஒத்துக்கொண்டார்.

பங்குனித் திருவிழா அதிர்வேட்டைப் பற்றி இன்னும் பேசவில்லை. அதற்கு ஐயாவையே முன்னால் நிறுத்தப்போகிறேன்.