வேளிமலை அடிவாரத்தில் ஓர் ஏழடி ரயில் பாதை

எங்கள் வீட்டு மாடியறையில் பதினான்கு மாதங்களாக ஒரு ரயில் நிலையம் கட்டப்பட்டு வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியலுக்கும் குழித்துறைக்கும் நடுவே உண்மையில் இருப்பது பள்ளியாடி நிலையம். என்னுடையது அதுவல்ல, எந்தக் கால அட்டவணையிலும் இடம்பெறாத ஒரு கற்பனை நிலையத்தின் சிறிய மாதிரி. ஒற்றைக் கட்டிலைப் போல ஏழடி நீளமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட ஒரு மேசை, அதன்மேல் ஒரு சுற்றுப் பாதை, சரக்குப் பெட்டி ஒதுங்கி நிற்க ஒரு கிளைப்பாதை, ஒரு நடைமேடை, ஒரு ரயில்வே கேட், பின்புறம் வேளிமலையை நினைவூட்டும் ஒரு மலைச்சரிவு, அவ்வளவுதான். மின்கம்பிகள் வருவதற்கு முன்பு டீசல் இயந்திரம் நீலப் பெட்டிகளை இழுத்துச் சென்ற காலத்தைத்தான் நான் செய்ய விரும்பினேன், ஏனெனில் கல்லூரிக்குப் போன நாள்களில் நான் ஏறி இறங்கிய வண்டி அதுதான்.

முதல் சிக்கல் தண்டவாளத்தின் அகலத்திலேயே தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் பாதை 1979இல் திறக்கப்பட்டபோதே அகலப்பாதையாகத்தான் போடப்பட்டது, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். நான் எடுத்துக்கொண்ட எச்.ஓ. என்னும் மாதிரி ரயில் அளவு உண்மையை 87இல் ஒரு பங்காகச் சுருக்குவது. அந்தக் கணக்கில் என் பாதை 19.3 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான், ஏனெனில் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1435 மில்லிமீட்டர் பாதைக்காகச் செய்யப்பட்டது. இந்த மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், வண்டியை நேர் எதிரில் நின்று பார்க்கும்போது, பெரிய உடம்புக்காரர் சின்ன செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது போல உறுத்துகிறது. தண்டவாளத்தைக் கையால் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே மேசையை நெஞ்சுயரத்துக்கு ஏற்றி, பாதையைப் பக்கவாட்டிலிருந்து மட்டுமே பார்க்கும்படி அறையின் மூலையில் நிறுத்தினேன். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இந்தக் குறை தட்டுப்படுவதே இல்லை.

இரண்டாவது கணக்கு நீளத்தைப் பற்றியது. பழைய நீலப் பெட்டி ஒன்றின் உடல் நீளம் ஏறக்குறைய 21.3 மீட்டர், எச்.ஓ. அளவில் அது 245 மில்லிமீட்டர். இருபத்துநான்கு பெட்டிகள் கொண்ட ஒரு விரைவு வண்டியைச் செய்தால் அது இருபதடியைத் தாண்டும், எங்கள் மாடியறைக்குள் அடங்காது. ஆகவே மூன்று பெட்டி கொண்ட பாசஞ்சர் வண்டியோடு நிறுத்திக்கொண்டேன். வளைவு ஒவ்வொன்றும் 457 மில்லிமீட்டர் ஆரம் உடையது. இவ்வளவு இறுக்கமான வளைவில் நீளமான பெட்டி திரும்பும்போது அதன் நடுப்பகுதி பாதையைவிட்டு ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் உள்பக்கமாக நகர்கிறது. வளைவு தொடங்கும் இடம் வரை நடைமேடையை நீட்டியிருந்த எனக்கு இது தெரியவந்தது, முதல் ஓட்டத்திலேயே பெட்டி நடைமேடையின் விளிம்பை உரசிக்கொண்டு நின்றபோதுதான். இரண்டு அங்குல நடைமேடையை அறுத்து எடுத்தேன்.

மேசைச் சட்டத்துக்கு ரப்பர் மரம்தான் வாங்குவதாக இருந்தேன், எங்கள் பக்கம் அது எளிதாகக் கிடைப்பதால். வேலைக்கு வந்த ஆசாரி அண்ணன் ஒரே பேச்சில் அதை மாற்றிவிட்டார்: "மழைக்காலத்துல இது வண்டு விழும் தம்பி, அயினி எடுங்க, பிறவு எனக்க பேரைச் சொல்லுவிய." தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டத்தில் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். அயினிச் சட்டத்தின்மேல் நீர்தாங்கும் பிளைவுட் பலகை அடித்து, அதன் அடிப்பக்கத்துக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்தோம். அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஒரு முகம் மட்டும் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளைந்துவிடும்.

மின்சார வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 12 வோல்ட் நேர்மின்சாரம், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பாமல், மூன்றடிக்கு ஒரு இடத்தில் அடியிலிருந்து கம்பி கொண்டுவந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கடற்காற்று வீசும் ஊரில் அந்தத் தகடுகள் கறுத்து, தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் தடைபடுவது விரைவில் நடக்கும்.

ஜல்லி விரிப்பதில்தான் நான் பெரிய பாடம் படித்தேன். நம் ரயில்வே பயன்படுத்தும் ஜல்லி 20 மில்லிமீட்டரிலிருந்து 65 மில்லிமீட்டர் வரை இருக்கும்; 87ஆல் வகுத்தால் கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை, அதாவது சரியாக மணலின் அளவு. கன்னியாகுமரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்ண மணலைப் பொட்டலமாக விற்பார்கள் அல்லவா, அதில் கறுப்பு மணல் பொட்டலம் ஒன்று வீட்டில் பல ஆண்டுகளாகக் கிடந்தது. டீசல் எண்ணெய் சிந்திக் கறுத்த ஜல்லிக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை என்று நினைத்து, நடைமேடையை ஒட்டிய நான்கடி நீளத்துக்கு அதை விரித்து ஒட்டிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்காம் நாள் இயந்திரம் முனகத் தொடங்கியது, ஆறாம் நாள் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் மோட்டாரின் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மீசை முளைத்திருக்கிறது, பற்சக்கரங்களுக்கு இடையிலும் அதே மணல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் என்னும் கனிமங்கள் எல்லாம் கலந்திருப்பதும், அவற்றில் இல்மனைட்டைக் காந்தத்தைக் கொண்டே பிரித்தெடுப்பதும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தெரிந்த செய்தி. எனக்கும் தெரியும். தெரிந்தும் அதைத் தண்டவாளத்துக்கு நடுவே கொண்டுபோய்க் கொட்டினேன் என்பதை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் மறக்கவில்லை.

ஒட்டிய மணலை வெந்நீர் ஊற்றி இளக்கிச் சுரண்டி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதற்குப் பதிலாக இப்போது இருப்பது, பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து கேட்டு வாங்கிய ஒரு சட்டி எம்-சாண்ட். உண்மையான ஜல்லி எந்தக் கருங்கல்லோ அதே கருங்கல்லை உடைத்துச் செய்த மணல் என்பதால் நிறத்தைப் பற்றிய கவலையே இல்லை. கழுவிக் காயவைத்து, முதலில் தேநீர் வடிகட்டியிலும் பிறகு மெல்லிய துணியிலும் சலித்து, தாளில் சுற்றிய காந்தத்தை மூன்று முறை அதன்மேல் ஓட்டிய பிறகே தண்டவாளத்துக்கு வந்தது. தூரிகையால் பரப்பி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரைப் பனிபோலத் தெளித்து, பிறகு சம அளவு நீர் கலந்த ஃபெவிகாலை ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். நீரைத் தெளிக்காமல் பசையை விட்டால் அது மணலுக்குள் இறங்காமல் முத்துமுத்தாக உருண்டு, விரித்ததையெல்லாம் குழியாக்கிவிடும்.

நிலத்துக்கு எங்கள் தோட்டத்துச் செம்மண்ணையே எடுத்தேன். பூச்சி முட்டைகள் சாகும்படி இரும்புச் சட்டியில் வறுத்துச் சலித்த அந்த மண், பசை பட்டவுடன் கறுஞ்சிவப்பாக மாறிவிட்டது. ஒட்டிய மண் எப்போதுமே சற்றுக் கறுக்கும் என்பதால் சுண்ணக்கட்டித் தூளைக் கலந்து முன்கூட்டியே வெளுக்கவைக்க வேண்டியிருக்கிறது. பொட்டலத்தில் வாங்கிய வெளிநாட்டுப் புல்தூளோ வேறொரு நாட்டு மேய்ச்சல் நிலத்தின் பச்சை; அதை இந்தச் செம்மண்மேல் தூவினால் இரணியல் போல இருக்காது. நம் பச்சை கனத்தது, அடியில் கருமை கொண்டது. தென்னைநார்க் கழிவைச் சலித்து, அதற்கு அடர்ந்த பச்சையும் துளி மஞ்சளும் ஏற்றியபோதுதான் ஓரளவு சரியாக வந்தது.

தென்னையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாற்பத்துமூன்று மரங்கள் செய்தேன், அவற்றில் முப்பத்தொன்றுதான் மேசையில் நிற்கின்றன. முறுக்கிய கம்பியின்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை பூசினால் மட்டை விழுந்த வடுக்கள் தாமாகவே கிடைக்கின்றன. ஓலைக்குக் கோழியிறகைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை: நடுவே ஈர்க்கு, இருபுறமும் பிரிந்த இழைகள், இயல்பான வளைவு. அறுபது மில்லிமீட்டருக்குக் கத்தரித்துச் சாயமிட்டு, மரத்துக்கு இருபத்தைந்து வீதம் செருகினேன். முதலில் செய்தவை எல்லாம் விளக்குமாறு போல நின்றன. தென்னையின் மேலோலை நிமிர்ந்தும் நடுவோலை படுத்தும் கீழோலை தண்டை ஒட்டித் தொங்கியும் இருக்கும் என்பதையும், அடியில் இரண்டு மூன்று காய்ந்த மட்டைகள் பழுப்பாகத் தொங்க வேண்டும் என்பதையும் எங்கள் வீட்டு மரத்தைப் பார்த்துத்தான் திருத்தினேன். நாற்பது ஆண்டுகளாக அதன் நிழலில் இருந்தும் அதற்கு முன் அதை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அந்தப் பன்னிரண்டு விளக்குமாறுகளும் ஒரு டப்பாவில் கிடக்கின்றன.

நிலையக் கட்டடத்தின் சுவரைத் தூய மஞ்சளாக விட்டிருந்தபோது அது பிறந்தநாள் கேக் போல இருந்தது. மழைநீர் வழியும் இடங்களில் நீர்த்த கறுப்பையும், தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குச் செம்மண் தெறித்த கறையையும் ஏற்றியபின்தான் அது ஆனி, ஆடி மாதங்களைக் கண்ட கட்டடமாயிற்று. தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப்பழுப்பு பூசி, சக்கரம் ஓடும் மேல்முகத்தை மட்டும் துடைத்து வைத்தேன்.

இனி மீதமிருப்பது நிலையத்தின் பெயர்ப்பலகை. மஞ்சள் பலகையும் இரண்டு கால்களும் தயாராகிவிட்டன, ஆனால் மூன்று மொழியில் பெயரும் கடல்மட்டத்திலிருந்து உயரமும் எழுத வேண்டும். உண்மையில் ஓரடி உயரமுள்ள எழுத்து இங்கே மூன்றரை மில்லிமீட்டர். அச்சிட்டு ஒட்டிவிடலாம், அது தடையில்லை. பெயர்தான் அமையவில்லை. சகோதரியின் மகன் ஒவ்வொரு முறை வரும்போதும், "மாமா, இது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்கிறான். அம்மை வாசலில் நின்று ஒருநாள் பார்த்துவிட்டு, "பிளாட்பாரத்தில ஒரு ஆளையும் காணோமே, பிறவு பேரை ஆரு வாசிக்கப்போறா?" என்றாள். ஆகவே பலகையை அப்படியே வைத்துவிட்டு, இரண்டு சென்டிமீட்டர் உயர மனிதர்களுக்கு வேட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஏழு பேர் ஆகியிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கையில் குடையும் வைத்திருக்கிறார்.