மைலோ டின்னில் இருப்பது எந்தத் தாத்தா?

தீபாவளிக்கு முந்தின வாரம் ஸ்டோர் ரூமை ஒழிக்கும் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் தவறாமல் நடக்கும் கூத்து இது. ஓடாத மின்விசிறிக்கு அடியிலிருந்து துருப்பிடித்த மைலோ டின் ஒன்று வெளியே வரும். திறந்தால் பழைய புகைப்படத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் குட்டை மேசையில் முழங்கையை ஊன்றி முறைத்துக்கொண்டிருப்பார். "இது நம்ம தாத்தா" என்பார் பெரியம்மா. "சும்மா இருங்க, இது தாத்தாவோட தம்பி" என்பார் சித்தப்பா. அரை மணி நேரத்தில் முறுக்கு தீர்ந்துவிடும், வழக்கு தீராது. படத்தில் இருப்பவர் யார், எப்போது இறந்தார், எங்கே அடக்கமானார் என்று கண்டுபிடிக்க வழி உண்டு.

எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பதுதான் முதல் கோளாறு. யாருக்குக் குரல் பெரிதோ அவர் சொல்வதே குடும்ப வரலாறாகிவிடும். படத்தை நகலெடுத்து, தலைக்கு ஓர் எண் போட்டு, பெரியவர்களிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். "இவர் யார்?" என்று கேட்காதீர்கள். "பெரியப்பா" என்று பதில் வரும், நம் பெரியப்பாக்களில் பாதிப்பேர் பக்கத்து வீட்டுக்காரர்கள். "இவர் வந்தால் பாட்டி என்ன செய்வார்?" என்று கேளுங்கள். எழுந்து உள்ளே போய்விடுவார் என்றால் மாமனாராகவோ கணவரின் அண்ணனாகவோ இருக்கலாம். நின்று கேலி பேசுவார் என்றால் கொழுந்தன். பெயரை மறந்தவர்களும் இதை மறப்பதில்லை.

கோட்டை நம்பி "தாத்தா அந்தக் காலத்திலேயே ஆபீசர்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். கோட்டு, டை, கைக்கடிகாரம் எல்லாம் ஸ்டூடியோவில் இரவலாகக் கிடைத்தவை. கீழே பாருங்கள், கோட்டுக்குக் கீழே வேட்டியும் வெறுங்காலும் இருக்கும். பாட்டி கழுத்து அட்டிகையையும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். சங்கிலியின் நிழல் கழுத்தில் விழவில்லை என்றால், அது வண்ணம் தீட்டியவர் தூரிகையால் போட்ட நகை. அந்த நகை யாரிடம் போனது என்று இன்னும் பேசாமலிருக்கும் குடும்பங்கள் உண்டு. சட்டைப் பை வலப்பக்கம் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்தில் இருக்கும், அதை வைத்து ஆளை மாற்றாதீர்கள்.

முன்பக்கம் இப்படிப் புளுகினாலும் பின்பக்கம் அவ்வளவாகப் புளுகாது. 4¼க்கு 6½ அங்குலக் கெட்டி அட்டையில் ஒட்டிய படம் என்றால் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எடுத்தது. அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயரும் தெருவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அஞ்சலட்டைத் தாளில் அச்சிட்ட படம் என்றால் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். 'அசோ' (AZO) என்ற தாளில் மூலைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் தோராயமாக 1904 முதல் 1918 வரை, இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918 முதல் 1930 வரை. ஆனால் அது தாளின் வயதுதான். பழைய தாளை வீணாக்க எந்த ஸ்டூடியோ முதலாளிக்கும் மனசு வராது.

சட்டத்துக்குள்ளே சந்தனப் பொட்டோடு இருக்கும் படத்தைக் கழற்றும்முன் நில்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரித்தால் தாத்தாவின் முகம் கண்ணாடியோடு போகும், உங்கள் கையில் கோட்டு மட்டும் மிஞ்சும். கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடியுங்கள். இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்தால் மினுக்கம் வராது. தனியாக இருக்கும் சிறு படங்களை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

"தாத்தா நாற்காலியில் அசந்து தூங்குகிறார், எவ்வளவு அழகு!" என்று பேரப்பிள்ளை பதிவேற்றும் படத்தில் தாடையைச் சுற்றிக் கட்டு இருக்கிறதா, நெற்றியில் காசு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தூக்கமல்ல. சுற்றி நிற்பவர்கள் யாரும் ஏன் சிரிக்கவில்லை என்பதும் அப்போது புரியும். ஆனால் அடக்கப் பதிவு (யாரை எங்கே, என்றைக்கு அடக்கம் செய்தார்கள் என்ற ஏடு) தேடுபவருக்கு அதைவிடப் பெரிய புதையல் கிடையாது. அன்று உயிரோடு இருந்தவர்கள் யார் யார் என்பது ஒரே படத்தில் வந்துவிடும்.

அடுத்து இறந்த தேதி. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, திதி மட்டும் எல்லாருக்கும் தெரியும். அது போதும். "துர்முகி வருஷம், தை, தேய்பிறைப் பஞ்சமி" என்கிறார்கள் என்று வையுங்கள். துர்முகி 1956இல் வந்தது, அதற்கு முன் 1896இல். தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் அதன் தை மாதம் 1957 ஜனவரியில் விழும். 1956 என்று போட்டுத் தேடி, "பதிவே இல்லை" என்று கைவிடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். சிங்கப்பூரில் இருப்பவருக்குக் குறுக்குவழியும் உண்டு: சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டியே வரும். 1957இல் அது ஜனவரி 31, எனவே தை அமாவாசை 30. பின்னோக்கிப் பத்து நாள் எண்ணினால் பஞ்சமி ஜனவரி 20ஐ ஒட்டி நிற்கும். ஒரு நாள் முன்பின்னாகலாம், பஞ்சாங்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் காலத் தாளில் 2603 என்று இருந்தால் தாத்தா எதிர்காலத்தில் இறந்துவிட்டதாகப் பதற வேண்டாம். அது ஜப்பானிய ஆண்டுக்கணக்கு, 660ஐக் கழித்தால் 1943.

தேதி கையில் வந்ததும் பெயர் படுத்தும் பாடு தொடங்கும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் இணையச் சேவையானாலும், தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய பதிவேடானாலும், பெயரை எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா. கோவிந்தசாமியை 'ஜி'யிலும் தேடுங்கள், 'கே'யிலும் தேடுங்கள். செல்லமுத்துவுக்கு 'எஸ்', 'சி' இரண்டும். பழனிக்கு நடுவில் 'எல்', 'இசட்'. செட்டியார்களுக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் விலாச எழுத்தே (பெயருக்கு முன் வரும் எழுத்து) பெயராகப் பதிவாகியிருக்கும். கடோங்கில் கரிக்கல் மஹாலைக் கட்டியவரை எல்லாரும் மூனா காதர் சுல்தான் என்றுதானே சொல்கிறார்கள்? அந்த 'மூனா' விலாச எழுத்துதான். காதரைக் 'கே'யில் தேடிக் கிடைக்காவிட்டால் 'எம்'முக்குப் போங்கள். கத்தோலிக்கர் வீட்டு ராயப்பன் கோயில் ஏட்டில் லத்தீனில் பெத்ரூஸ் ஆகியிருப்பார், சின்னப்பன் பவுலூஸ். பாட்டிகள் பாடு இன்னும் மோசம். பல ஏடுகளில் அவர்கள் வெறும் 'அம்மாள்', இன்னாரின் மனைவி. அங்கே கணவர் பெயரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பதிவு கிடைத்ததும் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பிடாடரி இடுகாடு என்று இருந்தால், அங்கிருந்த கிறிஸ்தவ, முஸ்லிம் கல்லறைகளை 2001 முதல் 2006 வரை தோண்டி எடுத்துவிட்டார்கள். மாலையோடு போகிறவரை உட்லீ எம்ஆர்டி ரயில் நிலையம் வரவேற்கும். சுவா சூ காங் இடுகாடு என்றாலும் புளோக் எண், குழி எண் இரண்டையும் குறித்துக்கொண்டு, கல்லறை இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே அடக்கத்துக்கு 15 ஆண்டுதான் கெடு. அதன் பிறகு கட்டம் கட்டமாகத் தோண்டுகிறார்கள்.

ஆள் யாரென்று முடிவானதும் படத்தின் பின்னால், ஓரத்தில், மென்மையான பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: பெயர், முறை, யார் சொன்னது. பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தழும்பாகத் தெரியும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா பேனாவைத் திறந்துகொண்டு வருவார், முன்பக்கத்திலேயே எழுத. டின்னை மூடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.