நாங்கள் தோண்டாவிட்டால் வேறொருவன் தோண்டுவான்

நிலக்கரிச் சுரங்கக்காரர் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். கசிப்புக் காய்ச்சுகிறவனும் இதே நியாயம்தான் கதைப்பான். 2019இல் அவுஸ்திரேலியாவின் ரொக்கி ஹில் நிலக்கரிச் சுரங்க வழக்கில் நீதிபதி பிரையன் பிரெஸ்டன் அதை ஏற்கவில்லை. கரியை வேறு நாட்டில் எரித்தாலும் பூமியைச் சூடாக்கும் அந்தப் புகை கணக்கில் வரும் என்று சுரங்கத்தை மறித்துவிட்டார். இங்கிலாந்தின் கம்பிரியாவில் 2022இல் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்த அனுமதியையும், எங்கள் கரி வந்தால் அமெரிக்கக் கரி தோண்டப்படாது என்ற கம்பனியின் வாதம் எடுபடாமல், 2024இல் மேல் நீதிமன்றம் இரத்துச் செய்தது.

சரி, இலங்கையில் எங்களுக்கென்ன? யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் எங்கள் உயர் நீதிமன்றமும் மின்நிலையக் கம்பனியை நட்டஈடு கட்டச் சொன்னது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற எண்ணெய். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிகிற கரியோ கப்பலில் வருகிறது. அந்தப் புகையின் சூட்டால் கடல் ஏறித் தீவுப்பகுதிக் கிணறுகள் உவர்த்தால் எரித்தவனோடு தோண்டினவனையும் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதுதான் என் கட்சி.