கிளிமஞ்சாரோவுக்கு முன் பழைய ஃபைலைத் திறங்கள்

புற்றுநோயிலிருந்து மீண்டு, நிதி திரட்ட மலையேற நினைப்பவர்களில் பலருடைய கண் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மீதுதான் விழுகிறது. உயரம் 5,895 மீட்டர். வழக்கமான பாதைகளில் கயிறு பிடித்து ஏறத் தேவையில்லை, நடந்தே உச்சிக்குப் போகலாம். இரண்டு முறை புற்றுநோய் வந்து ஒரு நுரையீரல் கெட்டுப்போன ஷான் ஸ்வார்னர் 2002-இல் எவரெஸ்ட்டையே ஏறினார். ஆகவே 'நம்மால் முடியுமா' என்று தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஷூ வாங்குவதற்கு முன் சிகிச்சை ஃபைலைத் தேடி எடுங்கள்.

எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்தப் பக்கம் என்ற மூன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். சிவப்பு நிறத்தில் ஏறிய மருந்து என்றால் அது பெரும்பாலும் டாக்ஸோரூபிசின். அது இதயத் தசையைத் தளர்த்தக்கூடியது, பல வருடம் கழித்தும் வெளிப்படலாம். இடது மார்பில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் இதே கவலை உண்டு. புதிதாக ஓர் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கும் விதைப்பைப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் பிளியோமைசின் என்ற மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது. ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் டிஎல்சிஓ சோதனையும் கேளுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மலையில் மூச்சுத் திணறினால் வழிகாட்டி உடனே ஆக்சிஜனைத் திறப்பார். பிளியோமைசின் வாங்கிய நுரையீரலுக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் கேடாகலாம். உயிருக்கு ஆபத்து என்றால் கொடுத்தே ஆகவேண்டும். எவ்வளவு கொடுப்பது, எப்போது குறைப்பது என்று உங்கள் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய தாள் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை வாங்கியவர்கள் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். உயர நோயை (உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் வரும் நோயை) தடுக்கப் பலரும் போடும் டையமாக்ஸ் (வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை) சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாது. கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்ன பிறகே அந்த மாத்திரை. அது விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வையும் தரும். கீமோவால் ஏற்கெனவே விரல் மரத்தவர்கள் வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்தால், மலையில் எது மாத்திரையால் வந்தது, எது குளிரால் வந்தது என்று குழம்ப மாட்டார்கள்.

அந்த மரப்பு பாதத்தில் இருந்தால் இன்னும் கவனம். கொப்புளம் வருவதே தெரியாது. மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். சிவந்த இடத்தில் உடனே டேப் ஒட்டுங்கள். மரத்த விரலுக்குப் பனிக்கடியும் தெரியாது என்பதால் உச்சிக்கு ஏறும் இரவில் இறுக்கமான இரட்டைக் காலுறை வேண்டாம், ரத்த ஓட்டம் தடைபடும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்தவர்கள், கை வீங்காமல் இருக்க அந்தக் கைக்கு அழுத்த உறை மாட்டுங்கள், விமானத்திலும்கூட. பையின் எடை தோளில் தொங்காமல் இடுப்புப் பட்டையில் உட்காரட்டும். அந்தக் கையில் சிறு கீறல் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்திடுங்கள். நெறி இல்லாத கையில் தொற்று வேகமாகப் பரவும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. கீமோ முடிந்த சில மாதங்களுக்கு அதைப் போடக்கூடாது. ஸ்டெம் செல் மாற்று செய்தவர்கள் இன்னும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் எடுத்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தான்சானியாவில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இடைத்தங்கல் குறைவான விமானமாகப் பாருங்கள். காப்பீடு 6,000 மீட்டர் வரை மலைநடையை ஏற்பதாக இருக்க வேண்டும். நோயை மறைத்து எடுத்த பாலிசி வெறும் காகிதம்தான்.

பாதை என்றால் என் தேர்வு லெமோஷோ, எட்டு நாள். மராங்கு வழியில் ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்பார்கள், செலவும் குறையும். உடம்பு உயரத்துக்குப் பழக அது போதாது. லெமோஷோவில் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் வரை ஏறிவிட்டு, அன்றே பரங்கோ முகாமுக்கு 600 மீட்டருக்கு மேல் இறங்கித் தூங்குவீர்கள். இந்த ஏற்ற இறக்கம்தான் உடம்பைப் பழக்குகிறது. வெள்ளியங்கிரி ஏறியிருந்தால் கால் வலுவுக்கு அது நல்ல சான்று, 4,000 மீட்டர் காற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவில் கிளம்பி உச்சிக்கு 1,200 மீட்டர், ஆறு முதல் எட்டு மணி நேரம். பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், ஆகவே பாட்டிலைக் காலுறைக்குள் போட்டுத் தலைகீழாக வையுங்கள்; பனி மேலிருந்து பிடிப்பதால் மூடி திறக்கும்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறு ஒன்றுக்கு. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அசதி எல்லாம் உயர நோயின் அடையாளங்கள். கீமோ நாட்களில் இவற்றோடு குடித்தனம் நடத்தியவர், 'இதைவிட எவ்வளவோ பார்த்துவிட்டோம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார், வழிகாட்டியிடம் சொல்லவும் மாட்டார். அன்று அந்தப் பொறுமை காப்பாற்றியது. இங்கே அதுவே கொல்லும். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொல்லும்போது தடுமாறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், வாதம் வேண்டாம், உடனே இறக்க வேண்டும். ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சரில் சுமையாட்கள் பாறைகளுக்கு நடுவே உருட்டி இறக்குவார்கள். இருட்டில் அதற்கு மணிக்கணக்காகும், ஆகவே நடக்க முடிகிறபோதே திரும்புங்கள். மாலையில் தலைவலி எவ்வளவு, எவ்வளவு சாப்பிட்டார் என்று உடன் வருபவர் ஒருவர் தினமும் எழுதிவைக்கட்டும். ஆக்சிமீட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், குளிர்ந்த விரலில் அது தவறாகக் காட்டும்.

திரும்ப விடாமல் தடுப்பதில் நன்கொடைப் பணத்துக்கும் பங்குண்டு. 'உச்சி தொட்டால் இவ்வளவு' என்று யாரிடமும் வாங்காதீர்கள். பராஃபுவில் திரும்பினாலும் முழுத் தொகையும் போய்ச் சேரும் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். பயணச் செலவு உங்கள் கைப்பணம், நன்கொடை முழுதும் சிகிச்சைக்கு என்று இரண்டையும் பிரித்து வையுங்கள். கொடுப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சொந்தக் கணக்கில் வாங்காமல் நேராக நிதி பெறும் அமைப்பின் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். இந்தியாவில் நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் பதிவு (80ஜி) அதற்கு இருக்கிறதா என்று பாருங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்புவதாக இருந்தால், அந்த அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதிக்கும் எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகே கணக்கு எண்ணைக் கொடுங்கள்.