காது பார்க்கும் நாட்கள்

மார்ச் 9
குதிரை பிஜ்லி சினையாகி 338 நாள். மடி இறுகிவிட்டது. குட்டி போடும் நேரம் நெருங்கினால் காம்பில் கட்டும் மெழுகு மட்டும் இன்னும் வரவில்லை.

மார்ச் 10
ஒன்றுமில்லை.

மார்ச் 11
ராத்திரி லாயத்து வாசலிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தேன். பிஜ்லி தூங்கவில்லை, காதை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தாள். மார்வாரி இனக் குதிரையின் காது என்றால் நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்திருக்கும். விறைத்து நிமிர்த்தினால் ஒன்றையொன்று தொடும். ஒவ்வொன்றும் தனியாக 180 டிகிரி திரும்பும். நான் இருமினால் ஒரு காது எனக்கு, இன்னொன்று எங்கேயோ குரைக்கிற நாய்க்கு.

குதிரை வாங்க வருகிறவர்கள் கால் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் காது சேருகிறதா என்று பார்க்கிறார்கள். எரிச்சலாக வரும். பிறக்கப்போகிற குட்டியின் காதை நினைத்து நான் விழித்துக் கிடப்பது மட்டும் என்னவாம்.

மார்ச் 13
காகாவோடு சண்டை. (காகா என்று கூப்பிடும்போதெல்லாம் கையில் சோற்றுருண்டை இல்லையே என்று தோன்றுகிறது. இங்கே சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.) கழுத்தில் நீளமாக இறங்கும் சுழி இருந்தால் அது தேவ்மன், அதிர்ஷ்டம்; கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் ஆகாது. கருப்பு சாவின் நிறம். இதெல்லாம் அவர் கணக்கு. குட்டியின் தகப்பன் கருப்பு. "பார்க்கலாம் பேட்டா" என்கிறார். எங்கள் தாத்தாவும் சுழி பார்க்காமல் மாடு பிடித்ததில்லை, அவரிடம் நான் வாயே திறந்ததில்லை. இவரிடம் மட்டும் ஏன் கத்தினேன்?

மார்ச் 15
எல்லோரும் திலவாடா கால்நடைச் சந்தைக்குப் போய்விட்டார்கள். லூனி ஆற்று மணலில் கூடாரம் போட்டிருப்பார்கள். கால்நடை டாக்டரும் அங்கேதான். போன தடவையும் அங்கேதான் இருந்தார்.

மார்ச் 16
போன தடவையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். வேண்டாம்.

மார்ச் 18
மடிப்பாலில் ஒரு சொட்டு எடுத்து, புளிப்பு பார்க்கும் pH தாளில் வைத்தால் 7 காட்டுகிறது. 6.5-க்குக் கீழே இறங்கினால்தான் பிரசவப் பேச்சு.

மத்தியானம் காகா தானாகவே வந்து உட்கார்ந்தார். அவருடைய அப்பா உமைத் சிங் மகாராஜா காலத்தில் ஜோத்பூர் லாயத்தில் இருந்தவராம். 1930-களில் அந்த மகாராஜா நல்ல குதிரைகளாகத் தேடிச் சேர்த்திருக்காவிட்டால் இந்த இனமே மிஞ்சியிருக்காது என்றார். அப்புறம் ரேவால் நடை பற்றி ஆரம்பித்தார். குளிர்காலத்தில் பிஜ்லி என்னை அந்த நடையில் சுமந்து போனது ஞாபகம் வந்தது. வேகமாகத்தான் போனாள், ஆனால் இடுப்பு குலுங்கவில்லை, தொட்டிலில் போவது போல இருந்தது. அப்போது உள்ளே இது நெல்லிக்காய் அளவாவது இருந்திருக்குமா என்று கேட்டேன். "ஏழெட்டு மாசக் குட்டி பேட்டா, ஆட்டுக்கிடா அளவு இருக்கும்" என்று சிரித்தார். சண்டை தீர்ந்தது.

மார்ச் 20
மெழுகு! தாள் 6.4. வால்மூட்டில் சதை தொளதொளவென்று இருக்கிறது. டாக்டர் போனை எடுக்கவில்லை.

மார்ச் 21, காலை 4.50
2.40-க்குப் பனிக்குடம் உடைந்தது. பதினெட்டே நிமிடம். முன்னங்கால் இரண்டும், மேலே மூக்கும், சரியாக வந்தன. பெட்டைக்குட்டி. கருப்பு. காகா ஒன்றும் சொல்லவில்லை, சாக்கால் துடைத்துக்கொண்டே இருந்தார். நாலு தடவை விழுந்து, ஐம்பதாவது நிமிடம் நின்றாள். சீம்பால் குடித்துவிட்டாள். காது ஈரத்தில் தலையோடு ஒட்டிக் கிடக்கிறது, வளைவு தெரியவில்லை.

நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. தொங்குவதை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், இழுக்கக் கூடாது. மறுபடி டாக்டருக்கு அடித்துப் பார்க்கிறேன்.