பொடியாட்ரி படிக்கலாமா?

நீட் இரண்டு முறை எழுதியாகிவிட்டது. அரசு கல்லூரிக்கு மார்க் எட்டவில்லை, தனியார் கல்லூரி ஃபீஸ் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்போதுதான் நியூ ஜெர்சி மாமா போன் செய்தார். "பொடியாட்ரில டிபிஎம்னு ஒரு படிப்பு இருக்கும்மா, பாதத்துக்கு மட்டும் டாக்டர், லோனுக்கு நான் கையெழுத்து போடறேன், யோசிச்சுப் பாரு." எம்பிபிஎஸ் கிடைக்காதவளுக்கு அடுத்த வழி என்ற கணக்கில்தான் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. டாக்டர் ஆகவேண்டும் என்ற ஆசையே எனக்கு ஒரு காலைப் பார்த்துத்தான் வந்தது.

எங்கள் ஆயாவின் கால். இருபது வருட சுகர். நான் பத்தாவது படிக்கும்போது, பெருவிரலுக்குக் கீழே புண் வந்து ஆறாமல் இருந்ததால் வேலூரில் காட்டக் கூட்டிப்போனோம். சின்ன வயது டாக்டர் ஒருவர் மீன் பிடிக்கும் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். அதைத் தோலில் வைத்து வளையும் வரை அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தம் விழும். "கண்ணை மூடிக்கோங்க பாட்டி, தொட்டதும் சொல்லுங்க" என்றார். ஒரு இடம், இன்னொரு இடம், குதிகால் பக்கம், இழை வளைவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஆயா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். கடைசியில், "இன்னும் தொடலையா கண்ணு?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அவள் செருப்பை எடுத்து உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தார். அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, அந்த விரலுக்கு எல்லாம் தெரியும். அடியிலிருந்து ஒரு ஆணி முனை அரிசி அளவுக்கு உள்ளே ஏறியிருந்தது. எத்தனை நாள் அதன்மேலேயே நடந்தாளோ. அந்த விரலை எடுக்கவேண்டி வந்தது.

சரி, டிபிஎம்முக்கு வருவோம். அமெரிக்காவில் முதலில் காலேஜ் டிகிரி, அப்புறம் நாலு வருடம் பொடியாட்ரி கல்லூரி, அதன்பின் மூன்று வருடம் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் பயிற்சி. முதல் இரண்டு வருடம் மருத்துவக் கல்லூரி மாதிரியே உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல் எல்லாம் உண்டு. முடித்தவர்கள் மருந்து எழுதலாம், பாதத்தில் ஆபரேஷன் செய்யலாம். அரைகுறைப் படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நடுவில் மனம் மாறி இதயத்துக்கோ கண்ணுக்கோ போக முடியாது, வாழ்நாள் முழுக்கக் கால்தான். எனக்கு அது சம்மதம்.

என்னை நிறுத்தியது வேறு விஷயம். எம்பிபிஎஸ்ஸுக்குச் சமமான பட்டத்தோடு வருபவர்கள்தான் எஃப்எம்ஜிஇ என்ற, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தேர்வை எழுதி இங்கே டாக்டராகப் பதிவு செய்யலாம், டிபிஎம்முக்கு அந்த வழி கிடையாது. இங்கிலாந்தில் மூன்று வருட பொடியாட்ரி பிஎஸ்சி இருக்கிறது, அதற்கும் அப்படித்தான். நம் ஊரில் சுகர் காலைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சர்ஜன்கள். பத்துப் பதினோரு வருடம் படித்துக் கடனோடு அங்கேயே தங்கிவிட்டால், நான் யார் காலுக்காகக் கிளம்பினேனோ அந்தக் கால்கள் காட்பாடியிலும் ஆற்காட்டிலும் அப்படியேதான் இருக்கும். அங்கேயே வாழப்போகிறவர்களுக்கு, கையில் ஏற்கெனவே ஒரு டிகிரி இருந்தால், டிபிஎம் நல்ல வழி என்று மனதாரச் சொல்வேன்.

இதைத் தேடித் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது, அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் எங்கள் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளைப் பார்த்தவர். அவர்கள் பாதம் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் புண்ணாகிறது என்று எடுத்துக் காட்டியவர். நோயாளிகளுக்காக வேலூர் பக்கத்திலிருக்கும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் எம்சிஆர் என்ற மெத்தை மாதிரி ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு செய்தார்கள். அவர் 1966-ல் அமெரிக்கா போய், லூசியானாவில் கார்வில் மருத்துவமனையில் வேலை பார்த்தார். இங்கே கற்றது அங்கே சுகர் நோயாளிகளின் பாதத்துக்கும் உதவியது. மாமா என்னை அங்கே போய்ப் படிக்கச் சொல்லும் படிப்பில் எங்கள் ஊர்க் கால்களின் பாடமும் இருக்கிறது!

அதனால் மூன்றாவது முறை நீட் எழுதவில்லை, அமெரிக்காவும் வேண்டாம். பிபிஓவுக்கு, அதாவது பேச்சிலர் ஆஃப் புரோஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ் படிப்புக்கு, விண்ணப்பம் போட்டிருக்கிறேன். செயற்கைக் கால், தாங்குபட்டை, நோயாளியின் பாதத்துக்கு ஏற்ற செருப்பு, இதெல்லாம் அளவெடுத்துச் செய்யும் படிப்பு, இன்டர்ன்ஷிப்போடு நாலரை வருடம். பெயருக்கு முன்னால் டாக்டர் வராது என்பதில் அம்மாவுக்கு வருத்தம், அது எனக்கும் புரிகிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு லாஸ்ட் (ஷூ தைக்க வைக்கும் கால் அச்சு), எட்டாம் நம்பர் இடது கால், கேட்டு வாங்கிவந்து என் மேஜைமேல் வைத்தார். பெருவிரல் மூட்டுக்கு அடியில், ஆயாவுக்குப் புண் வந்த அதே இடத்தில், பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார். "பாரம் இங்கதான்மா விழும்" என்றார்.